இரவு இரண்டு மணிக்குச் செய்கிற வேலை

இந்தக் கடிதம் கிளிநொச்சிக்கு அண்மையிலிருந்து வந்தது. எழுதியவர் திருமணப் படப்பிடிப்பாளர், வயது 37. அவரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றிவிட்டு, ஏழு பக்கங்களின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

2010இல் போரில் இடம்பெயர்ந்தோருக்கான மெனிக் பாம் முகாமிலிருந்து ஊர் திரும்பியவர், அடுத்த ஆண்டு ஒரு ஸ்டூடியோவில் உதவியாளராகச் சேர்ந்தார். விளக்குப் பிடிப்பதில் தொடங்கி 2016இல் சொந்த ஸ்டூடியோ போட்டார். இப்போது ஆண்டுக்கு ஏறக்குறைய நாற்பது திருமணங்கள், அதற்குச் சற்றுக் குறைவாகப் பூப்புனித நீராட்டு விழாக்கள். இடையிடையே குடிபூரல், பிறந்தநாள், இறந்தவரின் முப்பத்தொராம் நாளில் வெளியிடுகிற கல்வெட்டு என்ற நினைவு மலருக்கான படத்திருத்தம். மனைவி முன்பள்ளி ஆசிரியை. எட்டு வயதில் மகள், நான்கு வயதில் மகன்.

"கமராவைத் தூக்கினால் கை தன்பாட்டில் வேலை செய்கிறது, நான் அங்கே இல்லை" என்று எழுதுகிறார். முன்பெல்லாம் ஒரு மண்டபத்துக்குள் நுழைந்ததும் வெளிச்சம் எந்த யன்னலால் வருகிறது என்று பார்ப்பாராம். இப்போது மின்கலத்தைச் சார்ஜ் போட இடம் எங்கே இருக்கிறது என்று பார்க்கிறாராம். மாப்பிள்ளை வீட்டார் ரொறொன்ரோவிலிருந்து கேரளத் திருமணப் படங்களை அனுப்பி, இதே மாதிரி வேண்டும் என்கிறார்கள். அப்படியே எடுத்துக் கொடுக்கிறார். அவர்களுக்கு மகிழ்ச்சி, இவருக்கு ஒன்றுமில்லை. பதினொரு அல்பங்கள் முடிக்காமல் கிடக்கின்றன. கழுத்தும் வலது தோளும் வலிக்கின்றன. இறந்துபோன, காணாமற்போன உறவுகளைக் கல்யாணப் படத்துக்குள் சேர்த்துத் தரும்படி கேட்கிறவர்கள் கூடிக்கொண்டு வருகிறார்கள். அந்த வேலையைப் பிள்ளைகள் உறங்கிய பிறகு, இரவு ஒரு மணி இரண்டு மணி வரை இருந்து செய்கிறார். அண்மையில் மூன்று வீட்டாரிடம் முடியாது என்று சொல்லிவிட்டார்.

அவர் கேட்பவை இவை. கற்பனை வற்றிப்போன ஒருவன் இந்தத் தொழிலில் இருக்கலாமா? மற்றவர்களுக்கு மட்டும் புதுப்புது யோசனைகள் எங்கிருந்து வருகின்றன? சேர்த்துத் தர மறுத்தது பிழையா? தன் பேஸ்புக் பக்கத்தில் போட்ட படங்களை நீக்கச் சொல்லி ஒரு குடும்பம் மிரட்டுகிறது. தான் எடுத்த படம் தன்னுடையது அல்லவா? எல்லாவற்றையும் விற்றுவிட்டு, மைத்துனர் கூப்பிடுகிறபடி கனடாவுக்குப் போய்விடலாமா?

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை முதல் தடவை சும்மா வாசித்தேன். இரண்டாம் தடவை பென்சிலோடு வாசித்தேன். இரண்டு இடங்களில் கோடிட்டிருக்கிறேன்.

ஒன்று, மகள் சொன்னது. பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிக்கு நேரம் ஒதுக்கிப் போயிருக்கிறீர்கள், கமராவைக் கொண்டுபோகாமல். ஓடி முடித்து வந்த பிள்ளை, "படம் எடுக்கிற முகத்தோடு என்னைப் பார்க்காதீர்கள் அப்பா" என்றிருக்கிறாள். மற்றது ஐந்தாம் பக்கத்தின் அடியில், அடைப்புக்குறிக்குள் இருக்கிறது: "என் அண்ணாவும் 2009 சித்திரையில் காணாமற்போனவர். அம்மாவிடம் அவருடைய அடையாள அட்டைப் படம் மட்டும் இருக்கிறது." அடைப்புக்குறியை மூடிவிட்டு, அடுத்த வரியில் புதுக் கமராவின் விலையைப் பற்றி எழுதத் தொடங்கிவிட்டீர்கள். அந்த வரிக்குக் கடைசியில் திரும்பி வருகிறேன். மற்றக் கேள்விகளுக்கும் பதில் வேண்டும் அல்லவா.

"உண்மையான கலைஞனுக்கு அலுப்பு வராது" என்று எழுதி, அதை வைத்தே உங்களைத் தள்ளிவைத்துவிட்டீர்கள். இதை யார் உங்களுக்குச் சொன்னார்களோ தெரியவில்லை, பிழையாகச் சொல்லியிருக்கிறார்கள். வேலைச் சுமை நெடுங்காலம் இறக்கிவைக்கப்படாமல் இருந்தால் ஏற்படுகிற நிலையை 2019இல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய்வகைப் பட்டியலில் விபரித்திருக்கிறது. அதை நோய் என்று சொல்லாமல், தொழிலோடு தொடர்புபட்ட நிலை என்று வைத்திருக்கிறது. அதற்கு மூன்று முகங்கள்: சக்தி வடிந்துபோவது, வேலையிலிருந்து மனம் விலகி நிற்பது, செய்வது எதுவும் உருப்படியில்லை என்று தோன்றுவது. உங்கள் கடிதத்தில் மூன்றும் இருக்கின்றன, அதே வரிசையில். "நான் அங்கே இல்லை" என்று நீங்கள் எழுதியதைவிடத் துல்லியமாக இரண்டாவதைச் சொல்ல எனக்கு வராது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வேலை இல்லாத நாட்களிலும் எதிலும் விருப்பமில்லாமல், நித்திரையும் பசியும் குழம்பி, இரண்டு கிழமைகளுக்கு மேல் அப்படியே போனால் அது வேறு விடயம். வாழ்ந்து என்ன என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் கிழமைக்கணக்குப் பார்க்க வேண்டாம். மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். இரவில் கதைக்க ஆள் வேண்டுமென்றால், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைக்கலாம். இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இந்த ஊரில் இதை எல்லோருக்கும் சொல்கிறேன்.

கழுத்துவலிக்கும் வைத்தியரைப் பாருங்கள். இரண்டு கமராக்களை ஒரே தோளில் பத்து மணித்தியாலம் தொங்கவிட்டபடி நிற்கிறவருக்கு அது கற்பனை வற்றியதால் வருகிற வலி இல்லை.

படத்துக்குள் சேர்க்கச் சொல்பவர்கள்

மூன்று வீட்டாரிடம் "அது பொய் வேலை, நான் செய்ய மாட்டேன்" என்று சொன்னீர்கள். ஒரு தாய் அழுதுகொண்டு போனார். நீங்கள் மறுத்ததில் பிழையில்லை. சொன்ன காரணம் பிழை.

தன் கணவர் மண்டபத்துக்கு வரவில்லை என்பது அந்தத் தாய்க்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். யாரையும் ஏமாற்ற அவர் படம் கேட்கவில்லை. 2008இலும் 2009இலும் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போனபோது வன்னிச் சனங்கள் எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காணி உறுதியும் அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் பொலித்தீன் பைக்குள் வந்தன. அல்பம் பாரம். அது பங்கருக்குள்ளும் தறப்பாள் கொட்டிலிலும் கிடந்து மண்ணோடு போயிற்று. அதனால்தான் இங்கே எத்தனையோ வீடுகளில் சுவரில் தொங்குவது அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்த பிரதியாக இருக்கிறது. நேரே பார்க்கிற, சிரிக்காத முகம். மகளின் கல்யாணப் படத்துக்குள் அப்பா அந்த முகத்தோடுதான் வருகிறார். நீங்கள் அவருக்கு வேட்டி கட்டி, சால்வை போட்டு, மணவறைக்குப் பக்கத்தில் நிற்க வைக்கிறீர்கள். அப்பா இருந்திருந்தால் எங்கே நின்றிருப்பார் என்று அந்தக் குடும்பம் சேர்ந்து முடிவெடுக்கிற இடம் அது. அதைப் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் நீங்கள் கேட்காத ஒரு கேள்விக்கும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதில் தெரியாமல் பெரிய காயம் உண்டாக்கலாம். இறந்தவரும் காணாமற்போனவரும் படத்தில் ஒன்றில்லை. வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களோடு 1970களில் பணியாற்றிய அமெரிக்க உளவியலாளர் போலின் பொஸ், முடிவு தெரியாத இந்த இழப்பைத் தனியாகப் பிரித்துப் பார்த்தவர். இறந்தார் என்று செய்தியுமில்லை, வருவார் என்று உறுதியுமில்லை. அதனால் அழுது முடிக்கவும் இயலாது, காத்திருப்பதை நிறுத்தவும் இயலாது. கிளிநொச்சியில் காணாமற்போனவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 அன்று தொடங்கிய போராட்டத்தில் அம்மாமார் மடியில் வைத்திருக்கிற படங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் மாலை இருக்காது. அவர்களைப் பொறுத்தவரை அது உயிரோடிருக்கிறவரின் படம்.

உங்கள் தொழிலில் சேர்த்துக் கொடுக்கிற படத்துக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. பின்னணியில் முகில், தலையைச் சுற்றி ஒளி, உருவம் கொஞ்சம் மங்கல். காணாமற்போன மகனை அப்படி வைத்தால், தாயிடம் கேட்காமல் நீங்களே மரணச் சான்றிதழ் எழுதிக் கொடுத்ததாகிவிடும். பெரும்பாலும் படத்தைக் கேட்பவர் சுவிசிலோ லண்டனிலோ இருக்கிற சகோதரம். அல்பத்தைத் திறந்து பார்ப்பவர் இங்கே இருக்கிற அம்மா. ஆகவே பணம் கொடுப்பவர் யாராக இருந்தாலும், அம்மாவோடு ஒரு தடவை கதைக்காமல் தொடங்காதீர்கள். மாலை வேண்டுமா என்று கேளுங்கள். என்ன வயதில் வைப்பது என்றும் கேளுங்கள். பத்தொன்பது வயதில் போன தம்பி, முப்பத்தெட்டு வயது அக்காவின் கல்யாணத்தில் பத்தொன்பது வயதோடு நிற்க வேண்டுமா? சிலர் அப்படித்தான் வேண்டும் என்பார்கள். சிலருக்கு அது தாங்காது.

இப்போது செயற்கை நுண்ணறிவைக் கொண்டு பழைய படத்தை அசைய வைத்து, இறந்த தகப்பன் கையை உயர்த்தி ஆசீர்வதிக்கிற மாதிரி வீடியோ செய்கிறார்கள். உங்களிடமும் கேட்டிருக்கிறார்கள், மணமகளுக்குச் சொல்லாமல் மண்டபத்துத் திரையில் போட்டுக் காட்டுவதற்கு. இதில் எனக்கு இரண்டு மனம் இல்லை. செய்யாதீர்கள். ஐந்நூறு பேருக்கு முன்னால், கூறைச்சேலையோடு, முன்னறிவிப்பு இல்லாமல், அசைகிற அப்பாவைப் பார்க்கும்படி ஒரு பெண்ணைத் தள்ளுவது பரிசாகாது. அவள் அழுவதை எல்லோரும் கைத்தொலைபேசியில் பிடிப்பார்கள். அவளே விரும்பிக் கேட்டால், முதலில் வீட்டில், தனியாக, நிறுத்தச் சொன்னால் நிறுத்தக்கூடிய விதத்தில் காட்டுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. நம் வழக்கத்திலேயே இருப்பதால் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். மணமகள் மண்டபத்துக்குப் புறப்படும் முன் சாமியறையில் கும்பிட்டுவிட்டு, சுவரில் இருக்கிற அப்பாவின் படத்துக்கு முன்னால் ஒரு கணம் நிற்பாள். அந்த நேரத்தில் நீங்கள் வெளியே காரின் பூ அலங்காரத்தை எடுத்துக்கொண்டிருப்பீர்கள். ஒரு பத்து நிமிடம் முந்தி உள்ளே போய் நில்லுங்கள். எதையும் சேர்க்கவோ திருத்தவோ தேவையில்லாத படம் அங்கே கிடைக்கும்.

இனி உங்களைப் பற்றி. நீங்கள் இந்த வேலையைக் "கணினி வேலை" என்ற கணக்கில் போட்டு வைத்திருக்கிறீர்கள். முகத்தோலின் நிறத்தைச் சரிசெய்வதும், காணாமற்போன ஒருவரின் முகத்தை மூன்று மணித்தியாலம் பெருப்பித்துப் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரே கணக்கில் வராது. அதுவும் தன் அண்ணாவைத் தேடுகிற ஒருவருக்கு. நான் வவுனியாவில் இந்தத் துயரங்களைக் கேட்கிற வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். எனக்குக் கதைக்க ஒரு மேற்பார்வையாளர் இருக்கிறார், கேட்கிற நேரத்துக்கு ஒரு எல்லை இருக்கிறது, மாலை ஐந்து மணிக்குக் கதவைப் பூட்டுகிறேன். நீங்களும் அதே துயரத்தைத்தான் கையாளுகிறீர்கள், கதவு இல்லாமல், ஆள் இல்லாமல், இரவு இரண்டு மணிக்கு.

ஆகவே இதற்கு வரம்பு கட்டுங்கள். பகலில் மட்டும் செய்யுங்கள். கிழமைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். இனாமாகச் செய்து கொடுக்காமல் தனியாக விலை சொல்லுங்கள்; விலை இருந்தால்தான் அது வேலை என்று மற்றவர்களுக்கும் விளங்கும். வீட்டார் ஒருவரை அரை மணித்தியாலம் பக்கத்தில் இருத்தி, தலையை எந்தப் பக்கம் பிரித்துச் சீவுவார், சிரித்தால் எப்படி இருப்பார் என்று கேட்டுக்கொண்டு செய்யுங்கள். அந்த அரை மணித்தியாலத்துக்காகத்தான் சிலர் வருகிறார்கள் என்று நினைக்கிறேன். முடியாத காலத்தில் மறுக்கலாம். "என் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கிறார் அம்மா, இப்போது என்னால் இதைச் செய்ய இயலவில்லை" என்று சொன்னால் வன்னியில் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

எடுத்தவருக்கா, எடுப்பித்தவருக்கா?

இது என் துறை இல்லை. அதனால் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். நீங்கள் நினைப்பது நம் நாட்டுச் சட்டத்தில் அப்படியே இல்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, ஒருவர் சொல்லிச் செய்விக்கிற படைப்பின் பொருளாதார உரிமைகள், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, செய்விப்பவருக்கே முதலில் உரியவை. எழுத்தில் ஒன்றும் இல்லாமல் வாய்ப்பேச்சில் ஒப்புக்கொண்ட கல்யாணத்தின் படங்களை அந்தக் குடும்பம் நீக்கச் சொன்னால், உங்கள் பக்கம் பலமில்லை. எடுத்தவர் நீங்கள் என்று பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்பது போன்ற தார்மீக உரிமைகள் மட்டும் உங்களோடு நிற்கும்.

ஆகவே இந்தப் படங்களை நீக்கிவிடுங்கள். சண்டை வேண்டாம். அடுத்த திருமணத்திலிருந்து இரண்டு பக்கத்தில் தமிழில் ஒரு ஒப்பந்தம் வைத்துக்கொள்ளுங்கள்: எத்தனை மணித்தியாலம், எத்தனை படங்கள், அல்பம் எப்போது, மீதிப் பணம் எப்போது, ஹார்ட் டிஸ்கில் எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள், உரிமை யாருக்கு, எந்தப் படங்களை வெளியிடலாம். மாதிரி ஒன்றை எழுதுவிக்க ஒரு சட்டத்தரணிக்குக் கொடுக்கிற பணம் வீண்போகாது.

நீங்கள் குறிப்பிட்ட அந்தக் குடும்பத்தின் படங்களில் சாமத்திய வீட்டுப் படங்களும் இருக்கின்றன. பன்னிரண்டு வயதுப் பிள்ளையை மணப்பெண் போல உடுத்தி, பெரியவள் மாதிரி நிற்கவைத்து எடுத்த படங்கள். தாய் தகப்பன் சம்மதித்தாலும் அவற்றைப் பேஸ்புக்கில் போடாதீர்கள். அடுத்த நாள் பாடசாலைக்குப் போகிறவள் அவள். வகுப்புப் பையன்கள் சொன்னதை என் அறையில் வந்து சொல்லி அழுத பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்கள் மகளுக்கு இன்னும் நான்கைந்து வருடங்கள்தான்.

யோசனைகள் எங்கிருந்து வருகின்றன?

மற்றவர்களுக்குப் புதுப்புது யோசனைகள் வருவதாக எழுதுகிறீர்கள். நீங்கள் அவர்களை எங்கே பார்க்கிறீர்கள்? இன்ஸ்டகிராமில், இரவு, அல்பம் செய்து களைத்த பிறகு. நூறு பேர் வருடம் முழுவதும் எடுத்தவற்றில் தெரிந்தெடுத்த நூறு படங்களை ஒரு பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டு, அவற்றை உங்கள் ஒரு நாள் வேலைக்குப் பக்கத்தில் வைக்கிறீர்கள். ஆவணி முடியும்வரை அதைத் திறக்காமல் இருந்து பாருங்கள்.

நீங்கள் எப்போதும் பக்கத்தில் நிற்கிற, ஆனால் ஒரு தடவையும் பொருட்படுத்திக் கதைக்காத ஒருவர் இருக்கிறார். நாதஸ்வரக்காரர். தாலி கட்டும்போது அவரும் தவில்காரரும் வாசிக்கிற கெட்டிமேளம் எல்லாக் கல்யாணத்திலும் ஒன்றுதான். முப்பது வருடமாக வாசிக்கிறவருக்கும் அதுதான். ஆனால் ஐயர் கையை உயர்த்துகிற அந்தக் கணத்துக்காக அவர் எப்படிக் காத்திருக்கிறார் என்று பாருங்கள். முகூர்த்தம் பிந்தினால் அதற்கு ஏற்றபடி ராகத்தை நீட்டுவார், மணமகளின் தாய் கலங்குகிறார் என்றால் வாசிப்பு இளகும். மண்டபத்தைக் கேட்டுக்கொண்டே வாசிக்கிறார். புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற அந்தரம் அவரிடம் இல்லை. சாப்பாட்டுப் பந்தியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், அலுக்காதா என்று. அவர் சொல்கிற பதில் என்னுடையதைவிட உங்களுக்குப் பயன்படும்.

கேரளப் படத்தை அனுப்புகிறவர்களோடு வாதாட வேண்டாம். அவர்கள் கேட்ட பத்துப் படங்களையும் எடுத்துக் கொடுங்கள். அதற்குப் பிறகு, யாரும் கேட்காத ஐந்து படங்களை ஒவ்வொரு கல்யாணத்திலும் உங்களுக்காக எடுங்கள். முதல்நாள் இரவு பெரிய கிடாரத்துக்குப் பக்கத்தில் மரக்கறி வெட்டுகிற பெண்கள். பொன்னுருக்கலில் பொன்னைவிட்டுப் பத்தரின் முகத்தைப் பார்க்கிற சிறுவன். அறுகரிசி போடக் கை உயர்த்தும்போது நடுங்குகிற அம்மம்மாவின் விரல். இவை கேரளத்தில் இல்லை, ரொறொன்ரோவிலும் இல்லை.

கடைசியாக உங்களுக்கென்று எடுத்த படம் வற்றாப்பளையில், வைகாசிப் பொங்கலில், கடல் நீரில் எரிகிற விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவியின் படம் என்றும், அது 2014 என்றும் எழுதியிருக்கிறீர்கள். வருடம் ஞாபகம் இருக்கிறது, கிழவியின் கண் ஞாபகம் இருக்கிறது. கற்பனை வற்றியவர் இப்படி எழுத மாட்டார். பதினொரு வருடமாக உங்களுக்கென்று ஒரு அரை நாளும் எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் எனக்குத் தெரிகிறது.

அந்த அரை நாளுக்கு இடம் நம் பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. செவ்வாய்க்கிழமையில் முகூர்த்தம் வைப்பவர்கள் அரிது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. வெளிநாட்டுப் பிள்ளைகளின் விடுமுறை ஆடியில் விழுவதால் ஆனிக் கடைசியும் ஆவணித் தொடக்கமும் நெருக்குகின்றன என்பது உண்மை. ஆனால் இடையில் கிடைக்கிற ஆடி முழுவதையும் அல்பத்துக்குக் கொடுத்துவிட்டீர்கள். செவ்வாய் மாலையைத் திரும்ப எடுங்கள். இரணைமடுக் குளத்தின் அணைக்கட்டில் ஏறி நடங்கள். மார்கழியில் வான் பாய்ந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போங்கள். முதல் இரண்டு மாதம் கமரா வேண்டாம். மகள் சொன்ன "படம் எடுக்கிற முகம்" கலைவதற்கு அவ்வளவு காலமாவது எடுக்கும்.

கொழும்பில் லயனல் வெண்ட் பெயரில் ஒரு அரங்கம் இருப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1900இல் பிறந்து 1944இல் இறந்தவர், இந்த நாடு கண்ட பெரிய படப்பிடிப்பாளர்களில் ஒருவர். அவர் சட்டம் படித்தவர், தேர்ந்த பியானோக் கலைஞர். கமராவில் தீவிரமாக இறங்கியது முப்பது வயதுக்குப் பிறகுதான். அவரிடம் வசதி இருந்தது, உங்களிடம் இல்லை; அதை மறக்காமல்தான் சொல்கிறேன். கமராவுக்கு வெளியே அவருக்கு ஒரு காது இருந்தது. நீங்கள் முகாமுக்கு முன்பு மிருதங்கம் படித்ததாக ஒரு இடத்தில் எழுதுகிறீர்கள். அது இப்போது எங்கே இருக்கிறது?

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு கல்யாணத்துக்கு வாங்குகிற பணத்தை மண்டபத்தில் நிற்கிற பத்து மணித்தியாலத்தால் பிரித்து, நல்ல வருமானம் என்கிறீர்கள். கணினிக்கு முன்னால் இருக்கிற நாற்பது மணித்தியாலத்தையும் சேர்த்துப் பிரியுங்கள். மனைவியோடு இருந்து பிரியுங்கள். அல்ப வடிவமைப்பை வெளியே கொடுத்தால் எவ்வளவு குறையும், திருமணங்களை முப்பதாக்கி விலையைக் கொஞ்சம் கூட்டினால் என்ன ஆகும் என்று இருவருமாகப் பாருங்கள். பதினொரு அல்பத்தில் ஐந்தை முடிக்கும்வரை புது முற்பணம் வாங்காதீர்கள். "வீட்டில் இருக்கிறீர்கள், ஆனால் இல்லை" என்று மனைவி சொன்னதைக் குற்றச்சாட்டாக எழுதியிருக்கிறீர்கள். "நான் அங்கே இல்லை" என்று மண்டபத்தைப் பற்றி நீங்கள் எழுதியதும் அதுவேதான். அவர் உங்களுக்கு முன்பே கண்டுவிட்டார்.

கனடா

மைத்துனர் பார்வையாளர் விசாவில் வந்து பிறகு பார்க்கலாம் என்கிறார். பார்வையாளர் விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை. ஸ்டூடியோவை விற்ற பணமும் போய், முகவருக்குக் கடனும் பட்டு, மறைவில் வேலை செய்து, பிள்ளைகளை வருடக்கணக்கில் திரையில் மட்டும் பார்க்கிற தகப்பன்மாரின் மனைவிமார் என்னிடம் வருகிறார்கள். முறையான வேலை அனுமதி கிடைத்தால் குடும்பமாக யோசியுங்கள், அதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் இவ்வளவு களைத்திருக்கும்போது முடிவெடுக்காதீர்கள். மார்கழியில் யோசியுங்கள்.

இனி அந்த அடைப்புக்குறி.

எத்தனையோ வீட்டு அண்ணன்மாரைத் தங்கைமாரின் பக்கத்தில் நிற்க வைத்திருக்கிறீர்கள். உங்கள் அண்ணாவின் படத்தை இன்னும் கணினியில் ஏற்றவே இல்லை. அம்மா அதைப் பொலித்தீன் உறையில் வைத்திருக்கிறார், காணாமற்போனோரைப் பற்றி விசாரிக்க ஆணைக்குழுக்கள் வந்தபோதெல்லாம் நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறார், உங்களிடம் மட்டும் கேட்கவில்லை. "அவருக்கு வேண்டாம் போல" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் இருக்கிறாரோ என்று எனக்குத் தோன்றுகிறது. உறுதியாகச் சொல்ல முடியாது. அவரைத்தான் கேட்க வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை பகலில் போங்கள். கமராவும் மடிக்கணினியும் கடையில் இருக்கட்டும். படத்தைத் திருத்தித் தரட்டுமா என்று தொடங்க வேண்டாம். அண்ணா தலையை எந்தப் பக்கம் பிரித்துச் சீவுவார் என்று கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் கேளுங்கள். அம்மா கதைத்தால் இருந்து கேளுங்கள். கதைக்காவிட்டால் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு வந்து, அடுத்த செவ்வாய் திரும்பப் போங்கள். படத்தைத் தொடுவதா வேண்டாமா, அண்ணாவை எங்கே நிற்க வைப்பது என்பதையெல்லாம் அவர் சொல்லட்டும். வேண்டாம் என்றால் அந்தப் படம் உறைக்குள்ளேயே இருக்கட்டும்.

போய் வந்த பிறகு எனக்கு எழுதுங்கள்.